காளைக்கன்று போன வழி

எங்கள் மாடு கன்று போடுகிற இரவுகளில் அப்பா தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கன்று வைக்கோல்மேல் வந்து விழுந்து, தாய் அதன் முகத்தை நக்கத் தொடங்கியதும், குனிந்து டார்ச் விளக்கை அதன் பின்னங்கால்களுக்கு நடுவே அடித்துப் பார்ப்பார். வெந்நீர்ப் போசியோடு வாசற்படியில் நிற்கும் அம்மா, "கிடாரிங்களா?" என்பார். கிடாரி என்றால் அப்பாவின் குரலில் ஒரு தெளிவு வரும். விளக்கைத் தாயின் பக்கம் திருப்பி நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று கவனிக்கத் தொடங்குவார். காளைக்கன்று என்றால் "காளை" என்ற ஒற்றைச் சொல்லோடு விளக்கை அணைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

பதினைந்து இருபது நாள் கழித்து, சீம்பால் காலம் முடிந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றத் தொடங்கியிருக்கும்போது, ஒரு மொபட் வந்து நிற்கும். "கன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வியாபாரி தொழுவத்துக்குள் நுழைவார். விலைப் பேச்சு இரண்டு நிமிடம்கூட நீளாது, ஏனென்றால் அந்தக் கன்றுக்கு விலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நான்கு கால்களையும் ஒரு கயிற்றில் சேர்த்துக் கட்டி, வண்டியின் கால் வைக்கும் இடத்தில் படுக்கப் போட்டு, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு அவர் போவார். கன்றின் தலை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு போகும். தாய் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு இரவுகள் கத்தும், பாலை அடக்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் அம்மா பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, மடியை வெந்நீரால் கழுவி, "விடு சாமி, விடு சாமி" என்று தடவிக்கொண்டே இருப்பார். பால் இறங்கிவிடும்.

"எங்கே கொண்டுபோறாங்க?" என்று கேட்டபோதெல்லாம் "வளக்கறதுக்குத்தான் கண்ணு" என்றுதான் பதில் வந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும் அதை நம்பினேன்.

கோயம்புத்தூருக்கு வேலைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் கடைசி ஒன்பது ஆண்டுகளாக, தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது, வருகிற வழியில் எந்த உயிர் என்ன பாடுபட்டது, பூமியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு மேலே போயிற்று என்று விசாரித்துச் சாப்பிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் இறைச்சியை விட்டேன். அலுவலகத்தில் "சைவமாயிட்டீங்களா, ரொம்பச் சந்தோஷம்" என்று சிலர் கை கொடுத்தார்கள். அந்தப் பாராட்டு அன்றைக்கும் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் "சைவம் மட்டும்" என்று எழுதி மாட்டிய வாசல்களைப் பார்த்துத் திரும்பியவன் நான். அந்த எழுத்தில் ஆட்டின்மீதும் கோழியின்மீதும் இருந்த பரிவு எவ்வளவு, நான் யார் வீட்டுப் பிள்ளை என்ற விசாரணை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பெரிய அறிவு தேவையில்லை. நம் ஊரில் சைவம் என்ற சொல் விலங்கைப் பற்றிப் பேசுவதைவிட மனிதரைப் பற்றியே அதிகம் பேசுகிறது. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்றும் அதில் உண்டு. அந்தக் கோட்டின்படி பால், தயிர், நெய், பனீர் எல்லாம் குற்றமில்லாத பக்கத்தில் இருக்கின்றன. மொபட்டில் போன கன்றை எனக்கு அந்தப் பக்கத்தில் வைக்க முடியவில்லை.

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் இந்தக் கதை வேறுமாதிரி இருந்தது. தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் மேட்டுக்காட்டில் அறுபதடி ஆழக் கிணறு ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் விளிம்பில், காளை பூட்டிக் கவலை இறைத்த வடத்தின் தடம் கல்லில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. இரண்டு காங்கயம் காளைகள் சரிவில் இறங்கினால் தோல் சால் நிறைந்த தண்ணீரோடு மேலே வரும், அவை பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். காலை முழுக்க அப்படி இறைத்தால் கால் ஏக்கர் நனையும். ஏர் ஓட்ட, எரு அடிக்க, சந்தைக்கு வண்டி கட்ட என்று எல்லாவற்றுக்கும் காளை வேண்டும். பசு வைத்திருந்ததே காளைக்கன்றுக்காகத்தான், பால் என்பது கன்று குடித்த மிச்சம் என்று அப்பாரு சொல்வார். அன்றைக்குக் காளைக்கன்று பிறந்தால் ஊரில் நாலு வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைப் பக்கம் வந்தது. எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. மோட்டார் வந்ததும் கவலை நின்றது, டிராக்டர் வந்ததும் ஏர் நின்றது, டெம்போ வந்ததும் வண்டி நின்றது. இதற்கிடையில் 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கி, சொசைட்டிகள் ஊர் ஊராக வந்து, சினை ஊசி வழியாக ஜெர்சிக் கலப்பு பரவியது. இரண்டு மூன்று லிட்டர் கறந்த தொழுவத்தில் பத்து லிட்டர் கறந்தது. ஆனால் ஜெர்சிக் கலப்புக் காளைக்குத் திமில் இல்லை, நுகத்தடி நிற்காது, வெயில் ஏறினால் வாயைப் பிளந்துவிடும் என்பார்கள். ஓட்டுவதற்கு ஏரும் இல்லாத காலத்தில் அது பிறந்தது. ஆக, அப்பா டார்ச்சை அணைத்ததற்குக் கல்நெஞ்சம் காரணமில்லை. ஒரு தலைமுறைக்குள் அந்த உயிருக்கு உலகத்தில் இருந்த வேலை முழுவதும் பறிபோயிற்று, நாள் ஒன்றுக்கு அது குடிக்கும் இரண்டு லிட்டர் பாலுக்கோ சொசைட்டியில் விலை இருந்தது.

இதை எங்கள் தொழுவத்துக் கதை என்று மட்டும் நினைத்திருந்தேன். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது அந்த நினைப்பு போயிற்று. நாட்டில் பசுவினத்தில் பெண் மாடுகள் ஏறத்தாழ 14.5 கோடி, ஆண் மாடுகள் 4.7 கோடி. 2012-இல் இருந்ததைவிட ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்திருந்தன, பெண் மாடுகள் 18 விழுக்காடு கூடியிருந்தன. இயற்கை இரண்டையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகத்தான் பிறப்பிக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற பத்துக் கோடிப் பள்ளத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து போன ஏழெட்டுக் கன்றுகளும் கிடக்கின்றன. சில வீடுகளில் விற்கக்கூட மாட்டார்கள். பால் விடாமல் கட்டி வைத்தால் பத்து நாளில் வயிறு ஒட்டித் தானே போய்விடும். அந்தத் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, கறக்கும் நேரத்தில் தாயின் முகத்துக்கு முன்னால் நிறுத்தி வைப்பதைச் சிறுவயதில் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். தாய் அந்தத் தோல்கன்றை நக்கிக்கொண்டே பாலை விட்டது. கறந்து முடிந்ததும் தோல்கன்றை எடுத்துக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டார்கள்.

பால் வற்றிய மாட்டின் வழி இதற்குப் பக்கத்து வழி. ஆறேழு ஈற்றுக்குப் பிறகு சினை நிற்காத மாட்டுக்குத் தீவனம் போட எந்தச் சிறு விவசாயிக்கும் கட்டாது. தமிழ்நாட்டில் பசுவை அறுக்க 1976 முதல் தடை இருப்பதால் அது பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசப்பட்டு, லாரி ஏறி, கேரளத்துக்குப் போகும். பசுவை வணங்குவதாகச் சொல்லும் ஊரும், அதை உண்பதாகப் பழிக்கப்படும் ஊரும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். இவர் பாலைக் குடிக்கிறார், அவர் மிச்சத்தைச் சாப்பிடுகிறார். இதில் ஒருவர் மட்டும் கை சுத்தம் என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிபடுவதே இல்லை.

அண்மைக் காலத்தில் பாலினம் பிரித்த விந்துள்ள சினை ஊசி வந்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரியாகவே பிறக்கும். அதை நான் மனதார வரவேற்கிறேன். வீட்டில் அம்மாவிடம் அதைப் போடச் சொல்லிப் பணம் அனுப்பியதும் நான்தான். பொள்ளாச்சி லாரியை அது நிறுத்தாது, மொபட்டை ஓரளவு நிறுத்தும்.

பருவநிலையின் கணக்கைப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. மாடு புல்லை அசை போடும்போது அதன் பெருவயிற்றில் நுண்ணுயிரிகள் நாரைச் செரிக்கின்றன. அந்தச் செரிமானத்தில் மீத்தேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. வாயு என்றதும் எல்லாரும் மாட்டின் பின்பக்கத்தைக் காட்டிச் சிரிப்பார்கள், அது தவறான பக்கம். நம் நாட்டுப் பால் மாடு ஒன்று ஆண்டுக்கு 50, 60 கிலோ மீத்தேனை இப்படி விடுகிறது. மீத்தேன் காற்றில் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்றாலும், இருக்கிற காலத்தில் கடுமையாகச் சூடாக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 27 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. தீவனம், எரு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து, ஒரு லிட்டர் பாலுக்கு உலகச் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பச் சுமை வருகிறது என்று ஜோசப் பூரும் தாமஸ் நெமசெக்கும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உலகெங்கும் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவைத் தொகுத்த ஆய்வு அது.

இந்த எண்ணை என் வீட்டு மாதக் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். அப்போது நாங்கள் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கு 365 லிட்டர், ஆக ஒரு டன்னுக்கு மேல். ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு, எரித்தால் 42 கிலோ கரியமில வாயு வரும். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் 340 கிலோ. அடுப்பை எரிப்பதைவிட, அந்த அடுப்பில் காய்ச்சிய பாலின் சுமை மூன்று மடங்கு. அடுப்பில் தீயைக் குறைத்து வை, குறைத்து வை என்று வீட்டில் எல்லாரையும் படுத்திக்கொண்டிருந்த நான் அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அமேசான் காட்டை அழித்து விளைந்த சோயாவை நம் மாடுகள் பெரிதாகத் தின்பதில்லை. சோளத்தட்டு, வைக்கோல், தவிடு, புண்ணாக்கு என்று மனிதர் உண்ணாத மிச்சத்தைத் தின்று அவை பாலாக்குகின்றன. மறுபக்கம், குறைவாகக் கறக்கும் மாடும் ஏப்பம் விடத்தான் செய்கிறது என்பதால், லிட்டர் கணக்கில் பார்த்தால் நம் பாலின் மீத்தேன் பங்கு கூடுதலாகவே வரும். இரண்டையும் கழித்துக் கூட்டினாலும் பால் ஒரு லேசான பொருள் என்று சொல்ல இடமில்லை.

அப்படியென்றால் பாலையும் மாட்டையும் விட்டுக் கோழிக்குப் போகலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பருவநிலைத் தராசில் அவர் சொன்னது சரிதான். ஒரு கிலோ கோழிக்கறிக்கு ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயுச் சுமை. ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பசும்பால் தேவை என்பதால் 15 கிலோவுக்குமேல் போகும். திருமண விருந்தில் பனீர் பட்டர் மசாலாவை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறவர், பக்கத்துப் பந்தியில் சிக்கன் சாப்பிடுகிறவரை முகம் சுளித்துப் பார்ப்பதற்குப் பருவநிலை ஆதரவு தராது.

ஆனால் விலங்கின் தராசு நேர் எதிராகச் சாய்கிறது. ஒரு மாடு பல ஆண்டுகள் பல குடும்பங்களுக்குப் பால் தருகிறது. ஒரு பிராய்லர் கோழி ஒரே ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. எங்கள் பக்கத்துப் பல்லடம் இந்தத் தொழிலின் தலைநகரம். என் சித்தப்பாவே ஒப்பந்த முறையில் கொட்டகை போட்டுக் கோழி வளர்த்தார். நிறுவனம் குஞ்சும் தீவனமும் இறக்கும், நாற்பது நாள் கழித்து லாரியோடு வந்து எடையைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போகும். நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறும் உடம்பைத் தாங்க அந்தக் கால்கள் படைக்கப்படவில்லை. ஐந்தாம் வாரத்தில் கொட்டகைக்குள் போனால் பாதிக் கோழிகள் நடப்பதற்குப் பதில் உட்கார்ந்தே நகர்வதைப் பார்க்கலாம். சித்தப்பா காலையில் செத்ததைப் பொறுக்க ஒரு பிளாஸ்டிக் வாளியோடு போவார். வாளி காலியாகத் திரும்பிய நாளே கிடையாது.

முட்டைக்கு நாமக்கல். அங்கே கூண்டுக்குள் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட மறைவு கிடையாது. ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடும். முட்டைக் கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது என்பதால், பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்துக் கொல்லப்படுகிறது. எங்கள் தொழுவத்தில் அப்பா டார்ச் அடித்துப் பார்த்த அதே கேள்வி, அங்கே மணிக்கு ஆயிரக்கணக்கில் கேட்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை வெறுங்கூண்டுகளை 2012-இல் தடை செய்தது. இங்கே சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் கூண்டு முறையை எதிர்த்துப் பரிந்துரை எழுதியது; கூண்டுகள் அப்படியே இருக்கின்றன.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ருக்மிணி தேவி அருண்டேலை நினைக்காமல் இருக்க முடியாது. கலாக்ஷேத்திராவின் பெயரோடு அவரை அறிந்தவர்களில் பலருக்கு, விலங்கு வதைத் தடுப்புக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர்தான் என்பது தெரியாது. அதன் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், அன்றைக்கு அலுவலகம் சென்னையில் இருந்தது. அந்தச் சட்டத்தில் முதல்முறைக் குற்றத்துக்கு எழுதப்பட்ட அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது ஒரு தொகை. இன்றைக்கு ஒரு தட்டு முட்டைக்குக்கூடக் காணாது.

இதோடு ஒட்டிய இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் தாளில் தூங்கிக்கொண்டிருந்து, 2003-இல் திடீரென்று நடைமுறைக்கு வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு நடக்கவில்லை. தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று எங்கள் ஆத்தா அழுதார். இப்போது நான் அந்த விருந்தில் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுகிறேன், "கெடாய்க்குப் பாவம் பாக்கற மாமன் வந்துட்டாரு" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கிடா வெட்டப்படுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனாலும் ஓராண்டு காடு மேடெல்லாம் மேய்ந்து, பேர் வைத்து வளர்த்து, ஊர் முழுக்கப் பகிர்ந்துண்ணும் ஒரு கிடாயை வெட்டுவது கொடுமை என்று சட்டம் பாய்ந்தபோது, அதே மாவட்டத்தில் நாற்பது நாள் கொட்டகைகள் எந்தக் கேள்வியும் இல்லாமல் பெருகிக்கொண்டிருந்தன. எவருடைய கொலை கண்ணில் படுகிறது, எவருடையது படுவதில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

சரி, நான் என்னதான் செய்கிறேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் பால் இப்போது கால் லிட்டராக, அதுவும் வீட்டில் மற்றவர்களுக்காக, வந்து நிற்கிறது. காலைக் காப்பி எனக்குக் கறுப்பு. அதற்குமுன் நிலக்கடலைப் பாலில் காப்பி போடும் முயற்சி ஒன்று நடந்தது. இரவு ஊறவைத்த கடலையைத் தோல் நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, காய்ச்சி, டிகாக்ஷனில் ஊற்றியதும் அது திரிந்து, டம்ளரின் அடியில் மோர்க்குழம்பு மாதிரி உறைந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "சுக்குக் காப்பியக் குடிச்சுட்டுப் போவியா, இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு சாமி" என்றார். அவர் சொன்னது சரி. இல்லாத பாலை இருப்பதுபோல் நடிக்க வைப்பதைவிட, பால் வேண்டாத பண்டங்கள் நம் அடுக்களையிலேயே போதும் போதும் என்று இருக்கின்றன. கம்பங்கூழுக்கு மோரைத் தவிர மற்ற எல்லாம் ஏற்கெனவே மரத்தில் இருந்தும் மண்ணில் இருந்தும் வந்தவைதாம். தேங்காய்ப்பாலில் ஆப்பம், எள்ளுருண்டை, கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயற்றுக் குழம்பு என்று நாள் போகிறது. தயிர்தான் இன்றுவரை தோற்கடிக்கிறது; மாதத்தில் நான்கைந்து நாள் தயிர்ச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன், அதை மறைப்பதும் இல்லை. விலங்குப் பொருள் குறைந்த உணவில் பி12 சத்துப் போதுமான அளவு கிடைக்காது என்பதால் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். இயற்கையான உணவு என்று மார்தட்டிக்கொண்டு இதை விடுகிறவர்கள் நரம்புத் தளர்ச்சியோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அரிசியும் குற்றமற்றதில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்பே வந்தது. தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில், மாட்டின் பெருவயிற்றில் நடக்கிற அதே வேலை நடந்து மீத்தேன் வருகிறது. ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோவுக்குமேல் கணக்குச் சொல்கிறார்கள். இதற்கு நல்ல மாற்று நம்மிடமே உண்டு. வயலை எந்நேரமும் நிறுத்தி வைக்காமல், நீர் வடிந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது மறுபடி கட்டுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறை, தண்ணீரையும் மிச்சம் பிடித்து மீத்தேனையும் ஏறத்தாழப் பாதியாக்குகிறது. அமராவதிப் பாசனத்தில் நெல் போடும் என் மாமாவிடம் இதைச் சொன்னால், "மடைத் தண்ணி எம்பட மொறைக்கு வர்றப்ப வுட்டாத்தானுங்க, அடுத்து எப்ப வரும்னு யாரு கண்டா" என்கிறார். அவர் பிரச்சினை முறை தெரியாதது இல்லை, வாய்க்காலில் நம்பிக்கை இல்லாதது. நான் செய்யக்கூடியது வாரத்தில் மூன்று வேளை சாமையும் கம்பும் சோளமும் சாப்பிடுவது. சமைத்ததைக் கொட்டாமல் இருப்பது. 2022-இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று, அதில் பாதிக்குமேல் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய சோற்றுப் பானை அந்தக் கணக்கில் சேராது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

செருப்பு விஷயத்தில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை. தோல் வேண்டாமென்றால் ரெக்சின், அது பெட்ரோலியப் பிளாஸ்டிக், ஆறு மாதத்தில் பிய்ந்து குப்பைக்குப் போகும். தோலென்றால் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளும், அவற்றின் கழிவால் கெட்ட பாலாற்றுத் தண்ணீருக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதவேண்டி வந்த கதையும். இப்போதைக்கு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் வாங்கிய தோல் செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை. சத்துணவுத் தட்டில் வாரத்தில் ஐந்து நாள் வைக்கப்படும் முட்டையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் சத்துணவு சாப்பிட்டவன். எனக்கு இன்றைக்கு விட்டுக்கொடுக்க இவ்வளவு இருப்பதே, அன்றைக்குக் கிடைத்ததால்தான். அந்த முட்டையைக் கூண்டில்லாத கோழியிடமிருந்து வாங்க அரசு கூடுதலாகச் செலவு செய்யவேண்டும் என்று கேட்பேன். பிள்ளையின் தட்டிலிருந்து எடு என்று கேட்கமாட்டேன். கொடுமைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று தொடங்கி, ஏழைகள் என்ன சாப்பிடலாம் என்று பட்டியல் போடுவதில் முடிகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை.

பாலும் அப்படித்தான் எனக்குச் சிக்கலாகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் காட்டில் விளைந்தது ஒன்றுமில்லை. பத்து நாளுக்கொருமுறை சொசைட்டியில் கிடைத்த பணம்தான் எங்கள் மளிகை, என் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரிக் கட்டணம். அம்மாவின் உள்ளங்கைகளில் கறவைத் தழும்பு இருக்கிறது. கட்டைவிரலை மடக்கிக் கறந்து கறந்து கணு தடித்துப்போயிருக்கிறது. நான் எந்தப் பாலை வேண்டாம் என்கிறேனோ அந்தப் பாலில்தான் வேண்டாம் என்று சொல்லும் படிப்பு வந்தது. இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "அப்ப அந்தக் கன்னுகளுக்கு ஒரு கும்புடு போட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தீவனத் தொட்டியைக் கழுவப் போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "வளக்கறதுக்குத்தான் கண்ணு" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தெரிந்திருந்தது.

அப்பா போனபின் மூன்று மாடுகள் ஒன்றாகிவிட்டன. அந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடச் சொன்னால், "அதுக்கு என்னய விட்டா யாரு இருக்காங்க" என்கிறார். கொடுத்தால் அது எந்த லாரியில் ஏறும் என்பது எனக்கும் தெரியும் என்பதால் நானும் வற்புறுத்துவதில்லை. போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா அழைத்தார். மாடு கன்று போட்டுவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது, பக்கத்துத் தோட்டத்துப் பையன் வந்து உதவினான் என்றார். நான் அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, தூங்கினாரா என்று கேட்டிருக்கவேண்டும்.

"கிடாரிங்களாம்மா?" என்றுதான் என் வாயிலிருந்து வந்தது.